இங்கிலாந்தில் சின்னக் குற்றங்களைப் போலீஸே பேசி முடிப்பதும் நம்மூர் ஸ்டேஷன் சமாதானமும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டிலும் புகார் கொடுத்தவர் பக்கம் உட்கார்ந்தவன் நான்.

இங்கிலாந்தில் சித்தப்பாவின் கடையில் நாலு வருஷம் கல்லாவில் நின்றேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினைந்து வயதுப் பையன் கல்லெறிந்து கடைக் கண்ணாடியை உடைத்தான். கேமராவில் முகம் பளிச்சென்று தெரிந்தது, மறுநாளே பிடித்துவிட்டார்கள். பெண் போலீஸ் ஒருவர் வந்து, "பையன் ஒத்துக்கொண்டான். கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கலாம். நீங்கள் அவனைச் சந்திக்கச் சம்மதமா? இஷ்டமில்லை என்றால் விட்டுவிடலாம்" என்றார். போலீஸ் நம்மிடம் சம்மதம் கேட்குமா என்று சித்தப்பாவுக்கு ஒரே குழப்பம்.

ஒரு சின்ன அறையில் பையன், அவன் அம்மா, நாங்கள் மூன்று பேர். அந்தப் போலீஸ் கையில் இருந்த தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டார். என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கெல்லாம் பாதிப்பு? பையன் ஷூவைப் பார்த்தபடி, "கடைக்காரருக்கு" என்றான். அதுவரை வாயே திறக்காத சித்தி, தெருவில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட இரண்டு வாரமாகத் தூக்கம் கலைந்துவிடுகிறது என்றார். அவன் நிமிர்ந்தது அப்போதுதான். வாரம் ஐந்து பவுண்டு, பன்னிரண்டு வாரம் என்று முடிவானது. இரண்டு வாரம் அவன் வரவில்லை, அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார்.

தாளில் இருந்த அந்தக் கேள்விகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. நியூசிலாந்தின் 1989 சிறார் சட்டம், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடும்பக் கூட்ட வழக்கத்தை ஒட்டியது. அதைப் பார்த்து 1991-ல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊர்ப் போலீஸ் தொடங்கியதை, இங்கிலாந்தின் தேம்ஸ் வேலி போலீஸ் 1990-களில் எடுத்துக்கொண்டது.

இப்போது நம்மூர். 2018-ல் என் பைக் பேட்டரி திருடு போனது. ஆளும் சிக்கினான். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி, எஃப்.ஐ.ஆர். இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. "ஆயிரத்து ஐநூறு வாங்கிக்க தம்பி, எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் ரைட்டர். தொகை எப்படி வந்ததென்று யாரும் சொல்லவில்லை. திருடியவன் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு கேள்வியும் இல்லை, என்னிடமும் இல்லை. சமாதானமாகப் போகச் சட்டத்தில் வழி உண்டுதான், ஆனால் அதைப் பதிவு செய்யும் இடம் கோர்ட்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை. போலீஸ் ரோட்டோரத்தில் ஒரு 'சாரி' சொல்ல வைத்து ஃபைலை மூடுவதும், கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடித்த இதே கணக்கில்தான் சேருகிறது. அங்கே படிக்கும் உங்கள் பிள்ளையிடம் போலீஸ் 'கம்யூனிட்டி ரெசல்யூஷன்', அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கும் சமாதானம், என்று தாளை நீட்டினால், ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் பேசச் சொல்லுங்கள். அது தண்டனை ஆகாது, ஆனாலும் போலீஸ் பதிவில் நிற்கும். குழந்தைகளோடு வேலை செய்யும் பணிகளுக்கு எடுக்கும் விரிவான டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனையில் சில சமயம் தலைகாட்டவும் செய்யும்.