இதழோரம் ஒரு ழகரம்

கேள்வி: தெலுங்குக்காரரான எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்குத் தமிழில் முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? யார் சிபாரிசு? (ஒரு வாசகர், ராயக்கோட்டை)

பதில்: ராயக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ‘தெலுங்குக்காரர்’ என்று பிரித்து எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது? உங்கள் ஊர் தக்காளி மண்டிக்கு நான் ஏலம் பார்க்க வந்திருக்கிறேன். ஏலம் விடுகிறவர் தமிழில் விலை கூவினார். கூடை கொண்டுவந்த விவசாயியைத் தெலுங்கில் சமாதானம் செய்தார். பெங்களூரு வியாபாரியிடம் கன்னடத்தில் மல்லுக்கு நின்றார். எல்லாம் ஒரே மூச்சில். அவர் வீட்டில் என்ன பேசுவார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கூடையில் அடியில் கிடப்பது அழுகலா என்றுதான் கையை விட்டுப் பார்த்தார்கள்.

எஸ்.பி.பி.யின் அப்பா சாம்பமூர்த்தி நெல்லூரில் ஹரிகதை சொன்னவர். மகன் இன்ஜினீயர் ஆகவேண்டும் என்பது ஆசை. அனந்தபூரில் சேர்ந்த படிப்பு டைபாய்டு காய்ச்சலில் நின்றுபோக, சென்னைக்கு வந்து இன்ஜினீயரிங் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. படித்தார். பாட்டுப் போட்டியில் அவரைக் கேட்ட இசையமைப்பாளர் கோதண்டபாணி, 1966 டிசம்பர் 15 அன்று தெலுங்கில் முதல் பாட்டைப் பாடவைத்தார். பின்னாளில் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கோதண்டபாணியின் பெயரை வைத்தார் எஸ்.பி.பி.

தமிழில் சிபாரிசு பலிக்கவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் குரல் பிடித்துப்போயும், தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை, திருத்திக்கொண்டு வந்தார். எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடிய முதல் தமிழ்ப் பாட்டு, படமே வெளிவராமல் முடங்கியது. 1969-ல் ‘சாந்தி நிலையம்’, ‘அடிமைப்பெண்’ இரண்டும் வந்தன. காய்ச்சலில் படுத்த புதுப் பாடகருக்காக எம்.ஜி.ஆர். காத்திருந்த கதை ஊரறிந்தது.

எனக்கு அதைவிடப் பெரிது வேறொன்று. ‘அடிமைப்பெண்’ படத்தின் ‘ஆயிரம் நிலவே வா’வில் பாடலாசிரியர் புலமைப்பித்தன் ‘இதழோரம்’ என்று வைத்தார், கையோடு ‘விழி’யும் வைத்தார். இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரமே கிடையாது. அந்த ஒலி இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை, நாக்கை மடித்து அதை எவ்வளவு மெதுவாகத் தொட்டு எடுக்கிறார்! அந்த இடம் வரும்போதெல்லாம் நான் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

ழகரத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் கிருஷ்ணகிரியில் ஒலிபெருக்கி பிடிக்கிற, தமிழைத் தவிர வேறு பாஷை அறியாத தம்பிகள் ‘மாம்பலம், மாம்பலம்’ என்று கூவுகிறார்கள். மாம்பலம் சென்னையில் இருக்கிறது. நம் தோப்பில் காய்ப்பது மாம்பழம். இதைச் சொன்னதற்காக ஒரு மேடை அறிவிப்பாளர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவருக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன்: இன்று ராத்திரி அந்தப் பாட்டைப் போடுங்கள். ‘இதழோரம்’ வரும்போது கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.