ஜன்னல் இல்லாத பாத்ரூம், 22 அடிக் குழாய்: எந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவது?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. உள்பக்க பாத்ரூம் 5க்கு 8 அடி, உயரம் 9 அடி, ஜன்னல் கிடையாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பால்கனி வரை 22 அடி குழாய் போட வேண்டும். ‘ஹை ஸ்பீட்’ 6 இன்ச் ஃபேன் போதும் என்கிறார் இன்டீரியர் கான்ட்ராக்டர். குழாயின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சுவரெல்லாம் பூஞ்சை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது இன்லைன் ஃபேன். குழாயின் நடுவிலேயே பொருத்துகிற, உருளை வடிவ ஃபேன் அது. கடையில் ‘மிக்ஸட் ஃப்ளோ இன்லைன்’ என்று கேளுங்கள்.

சுவரில் ஓட்டை போட்டு மாட்டும் சாதாரண ஃபேன், எதிரே தடை இல்லாதவரைதான் காற்றைத் தள்ளும். 22 அடிக் குழாய், இரண்டு வளைவு, வெளியே ஒரு மூடி என்று வந்துவிட்டால் அதற்குத் திணறல். இறக்கை சுற்றும், சத்தமும் வரும், பால்கனி முனையில் கையை வைத்தால் காற்றே இருக்காது. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், குழாயே இல்லாமல் வெட்டவெளியில் சுற்றும்போது கிடைக்கும் அளவு. எவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து எவ்வளவு காற்று தள்ளும் என்பதுதான் வாங்குபவருக்குத் தேவை. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. பாத்ரூம் ஃபேன் வாங்குகிறவர் மட்டும் இந்த ஒரு தகவலுக்காகக் கம்பெனியின் இணையதளத்தைத் துழாவ வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தீராத எரிச்சல்.

உங்கள் பாத்ரூமின் கொள்ளளவு 360 கன அடி. மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 60 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 100 கன மீட்டர். உங்கள் குழாய் ஒழுங்காகப் போட்டாலே 50, 60 பாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை எதிர்க்கும். ஆகவே கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “60 பாஸ்கலில் மணிக்கு எத்தனை கன மீட்டர்?” நூறுக்கு மேல் என்று கம்பெனி வரைபடத்தில் காட்டினால் வாங்கலாம். காட்ட முடியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். இரண்டு சாதாரண ஃபேனை வரிசையில் மாட்டினாலும் பலம் போதாது, செலவுதான் இரட்டிப்பாகும்.

ஃபேனை விடப் பெரிய மோசடி குழாயில்தான் நடக்கிறது. சுருக்கி நீட்டும் அலுமினிய ஹோஸை 22 அடிக்கும் தொங்கவிட்டு, மேலே சீலிங் பலகையை மூடிவிடுவார்கள். தொய்ந்து, நசுங்கி, உள்ளே மடிப்பு விழுந்த ஹோஸ், வழுவழுப்பான குழாயைப் போல இரண்டு மூன்று மடங்கு காற்றை மறிக்கும். பிவிசி குழாய் போடச் சொல்லுங்கள். இடம் இருந்தால் 4 இன்ச்சுக்குப் பதில் 5 இன்ச் போடுங்கள், அதே காற்றுக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெளிமுனையைப் பார்த்துக் குழாய் லேசாகச் சரிய வேண்டும். ஏசி அறைக்கு மேலே போகும் குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகும், சரிவு இல்லாவிட்டால் அது உங்கள் பாத்ரூமுக்கே திரும்பிச் சொட்டும்.

குழாயைப் பால்கனி வரை கொண்டுபோகாமல் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிடும் கான்ட்ராக்டர்களும் உண்டு. மூடுவதற்கு முன் நேரில் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கழிவுநீர்க் காற்றுக் குழாயில் இணைத்துவிடலாம் என்று பிளம்பர் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

நீண்ட குழாயே தேவைப்படாத ஒரு நிலை உண்டு. பாத்ரூம் சுவருக்குப் பின்னால் ஓடிஎஸ் (காற்றுக்காகக் கட்டடத்துக்குள் மேலே திறந்து விடும் ‘ஓப்பன் டு ஸ்கை’ இடம்) இருந்தால், அந்தச் சுவரிலேயே சாதாரண 6 இன்ச் ஃபேன் போதும். ஆனால் அது உண்மையிலேயே வானம் பார்த்த ஓடிஎஸ்தானா? மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். மழைத்தண்ணீர் வருகிறது என்று யாராவது ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். நடுவில் ஒரு தளத்தில் ஸ்லாப் போட்டுச் சாமான் வைத்திருப்பார்கள். பில்டர் வரைபடத்தில் ஓடிஎஸ், நிஜத்தில் குழாய்கள் மட்டும் நுழையும் இடுக்கு. பணி நிறைவுச் சான்று கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் எட்டிப் பார்த்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. மேலிருந்து டார்ச் அடியுங்கள், வெளிச்சம் உங்கள் தளத்தைத் தாண்டிக் கீழே போக வேண்டும். திறப்பில் ஊதுபத்தி பிடியுங்கள், புகை தேங்காமல் மேலே ஏற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் 22 அடிக் குழாயை மறந்துவிடலாம். எதிர்க்காற்றில் மூடிக்கொள்ளும் மடல் உள்ள ஃபேனாக வாங்குங்கள், பக்கத்து வீட்டு வாடை உள்ளே வராது.

ஃபேன் காற்றை வெளியே இழுக்க, உள்ளே காற்று வரவும் வேண்டும். கதவுக்கு அடியில் முக்கால் இன்ச் இடைவெளி விடுங்கள். காற்று இழுக்கும் கிரில் கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவருக்கு மேலே இருக்கட்டும். குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓட வேண்டும், அதற்கு டைமர் சுவிட்ச் போடுங்கள். ஃபேனைக் கழற்றித் துடைக்க சீலிங்கில் ஒரு திறப்பும் விடச் சொல்லுங்கள்.

அந்த பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் இன்றே கழற்றுங்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்ற தைரியம் உயிரைக் காப்பாற்றாது.

வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டு, கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும், பால்கனி முனையில் வைத்த கையில் காற்று அடிக்க வேண்டும். இரண்டையும் பார்க்காமல் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.