பூட்டிக் கிடக்கும் ஜப்தி வீடு: புல்லை வெட்டுவது யார்?

அமெரிக்காவில் தவணை தவறி வங்கி கைக்குப் போன, போகவிருக்கும் வீடுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

நியூ ஜெர்சி வாசகி: பக்கத்து வீட்டார் காலி செய்து ஏழு மாதமாகிறது. புல் இடுப்பளவு. வங்கி வழக்குப் போட்டிருக்கிறதாம், ஏலம் இன்னும் ஆகவில்லை. யாரைப் பிடிப்பது?

வங்கியைத்தான். பத்திரம் பழையவர் பெயரில் இருந்தாலும் உங்கள் மாநிலச் சட்டம் ஏலம் வரை காத்திருப்பதில்லை. வழக்கு அறிவிப்பை வீட்டுக்காரருக்குச் சேர்ப்பித்த 10 நாளுக்குள் வங்கி டவுன்ஷிப் கிளார்க்குக்கும் (ஊர் நிர்வாகச் செயலர்) தகவல் தர வேண்டும். வீடு காலியாகக் கிடந்தால் வெளிப்புறப் பராமரிப்பும் அதன் தலையில்தான். நகராட்சி நோட்டீஸ் விட்டால் 30 நாளில் சரிசெய்தாக வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 10 நாள்தான்.

ஜப்தி வீடுகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்திருக்கும் ஊர்கள் வங்கியிடம் வீட்டுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை வாங்கலாம். காலி வீடென்றால் மேலும் 2,000 டாலர் வரை. என்னைக் கேட்டால், காசைவிடப் பதிவேட்டில் உள்ள போன் நம்பர்தான் பெரிது. வெளிமாநில வங்கி, நியூ ஜெர்சிக்குள் பொறுப்பாக ஓர் ஆளை வைத்தே ஆக வேண்டும். வைக்காவிட்டால் நாளொன்றுக்கு 2,500 டாலர் அபராதம். அந்த ஆளின் நம்பரைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள். வங்கியின் பொது நம்பருக்கு அடித்தால் ஏழெட்டு பட்டன் அழுத்தவைத்து, கடைசியில் கடன் எண்ணைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏது கடன் எண்? நகராட்சிக்குப் புகாரை எழுத்தில் கொடுங்கள், தேதியோடு இரண்டு படமும் இருக்கட்டும்.

நியூயார்க் வாசகர்: நோட்டீஸ் வந்ததுமே சாவியை உள்ளே வைத்துவிட்டு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி நமக்கென்ன என்று இருக்கலாமா?

அவசரப்பட்டுவிட்டீர்கள். நோட்டீஸ் என்பது வெளியேற்ற உத்தரவு அல்ல. கோர்ட் சொல்லும்வரை அங்கேயே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏலம் முடிந்து பத்திரம் கைமாறும்வரை வீடும் உங்களுடையது, சொத்து வரியும் உங்கள் பெயரில்தான். வங்கி வழக்கைப் பாதியில் கிடப்பில் போடுவதும் உண்டு. அப்படித் தொங்கும் வீடுகளைத்தான் அங்கே ‘ஜாம்பி’ வீடு என்கிறார்கள். 2016 டிசம்பர் முதல் அமலில் உள்ள சட்டப்படி, கடன் கொடுத்தவர் 25 முதல் 35 நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். காலி எனத் தெரிந்தால் பதிவுசெய்து, பராமரிக்கவும் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். சிறிய வங்கிகளுக்கு விலக்கு இருக்கிறது, அதனால் முழுக்க இதை நம்பி உட்காராதீர்கள். குளிர் வருமுன் தண்ணீர் மெயின் வால்வை மூடி, குழாய்களை வடியவிடுங்கள். ஜனவரியில் குழாய் வெடித்தால் நனைந்த சுவர் வசந்தத்துக்குள் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும்.

கலிபோர்னியா வாசகர்: பின்வீட்டு நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது, கொசு தாங்கவில்லை.

சும்மா விடாதீர்கள். 2007இல் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சுற்றி வெஸ்ட் நைல் காய்ச்சல் ஏறியபோது, கைவிடப்பட்ட வீட்டுக் குளங்களும் ஒரு காரணமென்று ஆய்வாளர்கள் வான்படங்களோடு காட்டினார்கள். வங்கி ஏலத்தில் எடுத்த காலி வீட்டில் கொசுப்புழு இருந்தாலே அது பராமரிப்புக் குறைதான். ஊர் நிர்வாகம் 14 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தரலாம். அதற்குள் வேலையைத் தொடங்கி 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 1,000 டாலர் வரை அபராதம். நீங்கள் முதலில் கூப்பிட வேண்டியது மாவட்டக் கொசு ஒழிப்புப் பிரிவை. பல இடங்களில் அவர்களே குளத்தில் கொசுமீன் விட்டுவிடுவார்கள்.

வில்மிங்டனில் ஏலத்தில் வீடு எடுக்கப் போகிறேன். காலி வீட்டுக்கு நகராட்சி போடும் பதிவுக் கட்டணம் என்னைத் தொடருமா?

டெலவேரின் வில்மிங்டன் 2003இல் கொண்டுவந்த கட்டணம் காலிக் காலத்தோடு ஏறும்படி அமைந்தது: ஓராண்டுக்கு 500 டாலர், பத்தாண்டுக்கு 5,000. பாக்கி இருக்கிறதா என்று நகராட்சியில் கேட்டுவிட்டு ஏலத்துக்குப் போங்கள். வாங்கியபின் பூட்டியே வைத்தால் கட்டுவது நீங்கள்தான்.

நானே போய் புல்லை வெட்டிவிடலாமா?

உங்கள் வேலி வரைக்கும் வெட்டுங்கள். அதைத் தாண்டினால் அத்துமீறல்.