பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

வாசகியின் கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மாடுகளுக்குத் தெளித்த உண்ணி மருந்தின் மீதியை எங்கள் நாய்க்கும் தெளித்தோம். பத்தே நாளில் மறுபடியும் உடம்பெல்லாம் உண்ணி. நான்கு நாளாக அது சோறு தொடுவதில்லை. நேற்று மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. அதனோடு ஒரே சாக்கில் படுக்கும் பூனையும் தொட்டால் சூடாக இருக்கிறது. பெரியவர்கள் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? உண்ணி மருந்தைப் பூனைக்கும் தெளிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் எழுதிக் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நம் கல்லீரல் பாராசிட்டமாலைப் பக்குவப்படுத்திச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதற்குத் தேவையான நொதி பூனைக்கு மிகவும் குறைவு என்பதால், மருந்து உடம்பிலேயே தங்கி நச்சுப் பொருளாக மாறி, ரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது மூன்று கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கும் மேல். 50 மில்லிகிராமே நஞ்சாகக்கூடும், அதற்கும் குறைவான அளவில் பாதிக்கப்பட்ட பூனைகளும் உண்டு. சில மணி நேரத்தில் ஈறு கருப்பட்டி நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் உடம்பில் ஏறுகிறதோ அவ்வளவுக்குத்தான் பலன் தரும். யார் வீட்டிலாவது தெரியாமல் கொடுத்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் பூனைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். நம் உடல் சூடு 98.4 டிகிரி, நாய்க்கும் பூனைக்கும் 100.5 முதல் 102.5 வரை இருப்பதே இயல்பு. ஆகவே நம் கைக்கு அவை எப்போதும் சூடாகத்தான் தெரியும். கையை நம்பாமல், டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சூடு இயல்பாக இருந்தும் பூனை முழுதாக இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றாலும் காட்ட வேண்டும், ஏனென்றால் பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

இப்போது நாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மூக்கில் சொட்டிய அந்த ரத்தம்தான். நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மூக்கில் ரத்தம் வர வேறு காரணங்களும் உண்டு என்றாலும், உடம்பெல்லாம் உண்ணியும் நான்கு நாள் பட்டினியும் சேர்ந்திருக்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலோ, அடிவயிற்றில் முடியில்லாத இடத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ தாமதமே கூடாது. அவை தெரியாவிட்டாலும் இன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோய் முற்றியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லலாம். எர்லிக்கியா என்று உறுதியானால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சோறு கேட்கும். நாய் தேறிவிட்டது என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம். அந்த நிலையில் வந்த நாய்களைக் காப்பாற்ற முடியாமல் நான் வருந்தியிருக்கிறேன்.

தெளித்த மருந்து ஏன் பலிக்கவில்லை என்று கேட்பீர்கள். மாட்டு உண்ணி குஞ்சிலிருந்து பெரிதாகும் வரை ஒரே மாட்டின் மேல் இருந்துவிடும். நாயுண்ணி அப்படியல்ல, ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, கட்டுத்தறிச் சுவரின் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் சாக்கு மடிப்பிலும் ஒளிந்து தோலுரித்து, மறுபடி நாயின் மேல் ஏறும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடக்கூடியது. ஆகவே நாய் மேல் தெரிவது கொஞ்சம், சாளையில் இருப்பது அதிகம். சாக்கைக் கொளுத்திவிடுங்கள், சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள், நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுவரின் மேல்பகுதி வரை மருந்தடிக்க வேண்டும், ஏனென்றால் இந்த உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. மருந்தடித்து அது நன்றாகக் காயும் வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். நாய்க்கு அதன் எடைக்கேற்ற உண்ணி மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ மருத்துவர் எழுதித் தருவார். கையால் எடுக்கும்போது மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

பூனைக்கு அந்த மருந்தைத் தெளிக்கவே கூடாது. மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்துகளில் பல, சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. பூனையின் நரம்புகள் அவற்றைத் தாங்குவதில்லை. நேரடியாகத் தெளிக்காவிட்டாலும், நனைந்த நாயோடு ஒட்டிப் படுத்துவிட்டுத் தன் முடியை நக்கினால் போதும். காது துடிப்பது, உடம்பு நடுங்குவது, தள்ளாடுவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும், பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் போர்த்தி மருத்துவரிடம் ஓடுங்கள். நாய்க்கு எழுதித் தந்த சொட்டு மருந்தையும் பூனைக்கு விடாதீர்கள். பூனைக்கென்று தனி மருந்து உண்டு.

மருத்துவமனைக்குப் போகும்போது நாயையும் பூனையையும் சேர்த்தே கொண்டு போங்கள். மாட்டுக்குத் தெளித்த மருந்தின் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துச் சென்று, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு கலந்தீர்கள் என்பதையும் எந்தத் தேதியில் தெளித்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.