உணவையும் புரதத்தையும் குறைத்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 66, எடை இயல்பாக உள்ளது, நோய் எதுவும் இல்லை. குறைவாக உண்டால் முதுமை தள்ளிப்போகும் என்று படித்தேன். இரவு உணவை நிறுத்திவிட்டு, புரதத்தையும் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: இரவு உணவை முன்னதாக முடித்துக்கொள்ளலாம், புரதத்தைக் குறைக்க வேண்டாம்.

நீங்கள் படித்த கருத்துக்கு அடிப்படை உண்டு. அமினோ அமிலங்களும் இன்சுலினும் போதிய அளவில் இருக்கும்போது, செல்லுக்குள் உள்ள எம்டார் என்னும் புரதம் அதை உணர்ந்து வளர்ச்சியைத் தூண்டுகிறது. அவை குறைந்ததும் எம்டார் தணிய, செல் தன் பழுதடைந்த பகுதிகளைத் தானே சிதைத்து மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் துப்புரவுப் பணி வேகம் பெறுகிறது. எம்டாரைத் தணிக்கும் ராபமைசின் மருந்து, முதிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுளை நீட்டித்தது 2009-இல் தெரியவந்தது.

ஆனால் குரங்குகளிடம் முடிவுகள் முரண்பட்டன. உணவைக் குறைத்த ரீசஸ் குரங்குகள் கூடுதலாக வாழ்ந்ததாக அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2009-இல் கூறியது. அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமோ 2012-இல் அவ்வாறு காணவில்லை. பின்னதில் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த குரங்குகளுக்கும் அளவோடுதான் உணவு தரப்பட்டது. ஆகவே, பட்டினியின் பயன் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி மிகையுணவைத் தவிர்த்ததன் பயனே என்பது என் கருத்து. இயல்பான எடையுடைய உங்களுக்கு அதில் மிஞ்சுவது சொற்பம்.

மனிதரிடம் நடந்த ‘காலெரி’ (CALERIE) என்னும் ஆய்வில், 21 முதல் 50 வயது வரையிலானோர் 2 ஆண்டுகள் ஏறத்தாழ 12 விழுக்காடு கலோரியைக் குறைத்தனர். இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. கூடவே எலும்பின் அடர்த்தியும் குறைந்தது. இளையோர்க்கே இப்படியென்றால், எலும்பும் தசையும் ஏற்கெனவே தேய்ந்துவரும் வயதில் அந்த இழப்பை எளிதாகக் கருத முடியாது. மேலும், நீங்கள் தணிக்க விரும்பும் அதே எம்டார்தான் தசையைக் கட்டுகிறது. வயது ஏற ஏற, அதைத் தூண்டக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. எனவே, சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதத்தை வேளைகளுக்குப் பகிர்ந்து உண்ணுங்கள். வாரத்தில் இரு நாள்களாவது தசைக்குப் பளு தரும் பயிற்சியும் செய்யுங்கள்.

இரவு உணவை அடியோடு நிறுத்தினால், இந்த அளவை இரண்டே வேளைகளில் எட்டுவது கடினம். முயற்சி ஏதுமின்றி ஆறு மாதங்களில் எடை 5 விழுக்காடு குறைந்தால், அதை நற்பலன் என்று எண்ணாமல் மருத்துவரைப் பாருங்கள்.