மாடிக் கத்தரி பூத்துக் கொட்டுகிறதா? தேனீப் பெட்டி வேண்டாம்

வணக்கம்ங்க. கத்தரி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை, தேனீப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கத்தரிக்காக என்றால் வாங்க வேண்டாம்.

கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சள் குழல்கள் சேர்ந்து நிற்கும். மகரந்தம் அவற்றுக்குள் இருக்கிறது, வெளியே வர நுனியில் சின்னத் துளைதான் வழி. பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால் பொலபொலவென்று கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. கருவண்டு என்று பயந்து விரட்டுகிறோமே, அந்தத் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும்தான் அதைச் செய்கின்றன. இரண்டும் தனித்து வாழ்பவை, தொந்தரவு செய்யாவிட்டால் கொட்டாது.

அவற்றை வரவழைக்க ஒரு பெரிய பையில் ஆவாரை வையுங்கள். விதைத் தோல் கெட்டி, அதனால் வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு விதைக்கவும். துளசியில் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள், நீலப்பட்டைத் தேனீ தேடி வரும். தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள், பாவம். அடுக்குச் செண்டுமல்லி பார்க்க அழகு, ஆனால் தேனீக்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தச்சுத் தேனீ கூடு கட்ட, காய்ந்த மூங்கில் துண்டுகளை மழை படாத மூலையில் கட்டிவையுங்கள்.

அதுவரை காலையில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். அப்புறம், சூலகமுடி (மகரந்தம் போய் ஒட்ட வேண்டிய நுனி) மஞ்சள் குழலுக்கு வெளியே நீட்டாத பூக்கள் எப்படியும் உதிரும், அதற்குக் கவலை வேண்டாம். தேனீக்களுக்குத் தொந்தரவு இல்லாமல், வேப்பெண்ணெய் தெளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுங்கள்.