இரண்டு டாங்கி, ஒரு சேசிஸ்: ஹும்மல், நாஸ்ஹார்ன் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில், பான்சர் 3, பான்சர் 4 டாங்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஜெர்மனி 1942இல் உருவாக்கிய 'கெஷுட்ஸ்வாகன் 3/4' சேசிஸ் பற்றியும், அதன் மேல் கட்டிய ஹும்மல், நாஸ்ஹார்ன் என்ற பீரங்கி வண்டிகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: எதிலிருந்து எதை எடுத்தார்கள்?

வடிவமைத்தது பெர்லினின் அல்கெட் நிறுவனம். பான்சர் 4இன் உடலை நீட்டி, அதன் சக்கரங்கள், சஸ்பென்ஷன், சங்கிலிப் பட்டை எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கியர்பாக்ஸ், ஸ்டியரிங் அமைப்பு, முன்பக்கப் பல்சக்கரம் ஆகியவை பான்சர் 3இலிருந்து வந்தன.

கே: நான் லாரி பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வண்டியின் கியர்பாக்ஸை இன்னொன்றில் உட்காரவைக்கவே நாக்கு தள்ளும். இவர்களுக்கு எப்படி முடிந்தது, சார்?

உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். இரண்டு டாங்கியிலும் ஓடியது ஒரே மேபாக் எச்எல் 120 பெட்ரோல் என்ஜின்: 12 சிலிண்டர், 300 குதிரைத்திறன். அதனால் பான்சர் 3 கியர்பாக்ஸுக்கு அது பழகிய என்ஜின்தான்.

உண்மையான வேலை என்ஜினை இடம் மாற்றியதில் இருக்கிறது. டாங்கியில் அது பின்னால் இருக்கும். இங்கே நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்னாலுள்ள கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டு குட்டையாயிற்று, பின்பகுதி முழுக்க பீரங்கிக்குக் கிடைத்தது. ஹும்மலின் 43.5 கிலோ குண்டைத் தூக்கிப் போடுபவனுக்கு நின்று வேலை செய்ய இடம் வேண்டாமா?

கே: பான்சர் 3இன் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) நவீனமானது ஆயிற்றே. ஏன் பழைய பட்டை ஸ்பிரிங்கை வைத்தார்கள்?

டார்ஷன் பார்கள் உடலின் அடித்தளத்தில் குறுக்கே ஓடும். பான்சர் 4இன் பட்டை ஸ்பிரிங் தொகுதிகளோ வெளிப்பக்கம் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. கழற்றி மாற்றவும் சுலபம், உள்ளே தளமும் காலி. பழசு என்பதற்காக மட்டமில்லை.

கே: இதன் மேல் என்னென்ன பீரங்கி ஏற்றினார்கள்?

ஹும்மலில் 15 செ.மீ. ஹோவிட்சர், அதாவது குண்டை மேல்நோக்கி வளைவாக எறியும் பீரங்கி. நாஸ்ஹார்னில் 8.8 செ.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. ஹும்மல் 700க்கு மேல், நாஸ்ஹார்ன் 500க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் 1943 ஜூலையில் ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் சண்டையின் சமயத்தில் களத்தில் இருந்தன.

ஹும்மலுக்குள் 18 குண்டுகளே கொள்ளும். அதனால் பீரங்கி இல்லாமலேயே 150க்கு மேற்பட்ட வண்டிகளைக் குண்டு சுமக்கக் கட்டினார்கள். தேவைப்பட்டால் அதிலும் பீரங்கியை மாட்டிக்கொள்ளலாம். சேசிஸ் ஒன்றாக இருந்ததன் முழுப் பலன் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கே: அப்படியானால் நல்ல டாங்கிதானே?

டாங்கியே இல்லை! மேலே கூரை கிடையாது. பீரங்கியைச் சுற்றியுள்ள தகடு 10 மி.மீ. தடிமன்தான், துப்பாக்கிக் குண்டையும் சில்லுகளையும் தடுக்கும், அவ்வளவே. மழை பெய்தால் தார்ப்பாய். தூரத்தில் நின்று சுட வேண்டிய வண்டி அது. கிட்டப் போனால் தொலைந்தது.

கே: பெயர் ஏன் மாறியது?

நாஸ்ஹார்னின் முதல் பெயர் ஹோர்னிஸ், அதாவது குளவி. 1944இல் அது நாஸ்ஹார்ன், அதாவது காண்டாமிருகம் ஆயிற்று. ஹும்மல் என்றால் ஒருவகைப் பெரிய தேனீ (பம்பிள்பீ). போர் வண்டிக்கு அது பொருந்தாத பெயர் என்று ஹிட்லர் அதே ஆண்டு நீக்கச் சொன்னார். இன்றைக்கும் எல்லோரும் ஹும்மல் என்றுதான் சொல்கிறோம்.

கே: ரஷ்யர்கள் இப்படிக் கலந்தார்களா?

கேவி-85 என்ற கனரக டாங்கி இருக்கிறதே. ஐஎஸ் என்ற புதிய டாங்கிக்கான டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேல்பகுதி) வந்துவிட்டது, உடல் இன்னும் தயாரில்லை. ஏற்கெனவே இருந்த கேவி-1எஸ் டாங்கியின் உடலைச் சற்றுத் திருத்தி, அந்த டரட்டை 1943இல் அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். 148 வண்டிகள், அப்புறம் ஐஎஸ் வந்ததும் நிறுத்தம்.